பிஸ்டலின் சேஃப்டி லீவர் தானாக ஏறினால் விரலை மாற்றுவதா, பாகத்தை மாற்றுவதா?

மூன்று அட்டை இலக்குகள், பத்து கெஜ தூரம். முதுகைக் காட்டி நிற்க வேண்டும். டைமர் ஒலித்ததும் திரும்பி, உறையிலிருந்து பிஸ்டலை உருவி, இலக்குக்கு இரண்டாக ஆறு தோட்டாக்கள் சுட வேண்டும். பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினை மாற்றி மறுபடியும் இலக்குக்கு இரண்டு. எல் பிரசிடெண்டே என்பது இதன் பெயர். ஜெஃப் கூப்பர் வகுத்த பழைய பயிற்சி இது. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியாவில், இப்படி ஓடியாடிச் சுடும் போட்டிகளுக்கான உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி. உருவானபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் அவர்தான். ஒலிம்பிக்கில் ஒற்றைக் கையால் நிதானமாகக் குறிபார்க்கும் சுடுதலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறு உலகம். இங்கே ஓட வேண்டும், திரும்ப வேண்டும், மேகசின் மாற்ற வேண்டும். பெற்ற புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள்.

சென்ற மாதம் எங்கள் ரேஞ்சில் மூத்தவர் ஒருவர் இதைச் சுட்டுக்கொண்டிருந்தார். 1911 என்ற பழைய அமெரிக்கப் பிஸ்டலின் மரபில் வந்த, இரட்டை வரிசை மேகசின் கொண்ட 2011 வகைப் பிஸ்டல். முதல் ஆறும் அழகாகப் போயின. மேகசினை மாற்றினார். ஏழாவது வெடித்தது. எட்டாவதுக்கு விசையை இழுத்தார், அது கல்லாக நின்றது. உள்ளங்கையால் மேகசினின் அடியைத் தட்டினார், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடை இழுத்தார். ஸ்லைடு பற்றவைத்ததுபோல அசையவில்லை. மறுபடியும் இழுத்தார். அப்புறம்தான் துப்பாக்கியைச் சற்றே சாய்த்து இடப்பக்கம் பார்த்தார். தவறிச் சுடாதபடி பிஸ்டலைப் பூட்டும் சேஃப்டி லீவர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

கீழே தட்டிவிட்டு மிச்சத்தைச் சுட்டு முடித்தார். ஆனால் இரண்டு நொடி போய்விட்டது. இரண்டு நொடிதானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு தோட்டாவும் நடு வட்டாரத்தில் விழுந்தால் 60 புள்ளி. ஆறு நொடியில் முடித்தால் வகுத்து வரும் எண் 10. எட்டு நொடியில் முடித்தால் 7.5. அந்தச் சுற்றில் வென்றவர் 10 எடுத்திருந்தால் அவருக்கு 60 புள்ளி முழுதாகக் கிடைக்கும், நம்மவருக்கு 45தான். இலக்கில் ஒரு துளைகூடத் தவறவில்லை, ஆனாலும் கால்வாசி போய்விட்டது.

சுட்டு முடித்து வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, எந்த கம்பெனி லீவர் வாங்கலாம்?”

பலரும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள், கடைக்காரர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் இந்தக் கோளாறுக்கு ஐந்தாறு மருந்துகள் இருக்கின்றன. ஒருவருக்குக் குணமாவது இன்னொருவருக்கு நோயைக் கூட்டும். எனவே எது எதற்கு என்று பார்ப்போம்.

லீவர் எப்போது ஏற முடியும்?

1911 வகையில் லீவர் மேலே போனால் பூட்டு, கீழே வந்தால் திறப்பு. மேலே போகும்போது அதன் ஒரு நுனி ஸ்லைடின் பள்ளத்துக்குள் நுழைந்துவிடும். அதனால்தான் ஸ்லைடு அசையாது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி பின்னிழுக்கப்பட்டு, ஸ்லைடு முழுவதும் முன்னே வந்து நிற்கும்போது மட்டுமே அந்தப் பள்ளமும் லீவரும் நேருக்கு நேர் வரும். ஆக, ஒரு தோட்டா வெடித்து, ஸ்லைடு பின்போய்த் திரும்பி வந்து மூடிய பிறகு, அடுத்த இழுப்புக்கு முன்னால் உள்ள மிகச் சிறிய இடைவெளியில்தான் இது நடக்கிறது. உதைப்பில் கை குலுங்க, கீழே ஒதுங்கியிருந்த பெருவிரலின் கணு லீவரை ஒரு முட்டு முட்டும். அவ்வளவுதான்.

செக் குடியரசின் ஸீ.ஜெட். 75 பிஸ்டல் குடும்பத்தில், இன்று போட்டியின் புரொடக்ஷன் பிரிவில் (அதிகம் மாற்றாத தொழிற்சாலைத் துப்பாக்கிகளுக்கானது) எங்கு பார்த்தாலும் தென்படும் ஷேடோ 2 உட்பட, சுத்தி கீழே இருக்கும்போது சேஃப்டி ஏறவே ஏறாது. புரொடக்ஷன் விதிப்படி சுத்தியை இறக்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும். முதல் இழுப்பு கனமான இரட்டை இயக்கமாக இருக்கும், அதாவது விசையே சுத்தியை ஏற்றி விடுவிக்கும். எனவே முதல் தோட்டாவை லீவர் தடுப்பதில்லை. இரண்டாவதிலிருந்துதான் ஆபத்து. இந்தப் பிரிவில் சுடுபவர் சுற்று முழுவதிலும் ஒருமுறைகூடச் சேஃப்டியைப் பயன்படுத்துவதில்லை. தேவையே இல்லாத ஒரு பொருள் வந்து வேலையைக் கெடுப்பதால் அவர்களுக்கு எரிச்சல் இரட்டிப்பு.

விசை நின்றுபோனால் உடனே லீவர்மீது பழி போடவும் கூடாது. ஸ்லைடு ஒரு மயிரிழை மூடாமல் நின்றாலும் விசை செத்ததுபோல இருக்கும். விசையை இழுத்த விரலை முழுமையாக முன்னே விடாததாலும் அப்படி ஆகும். 1911 வகையில் அடையாளம் எளிது: ஸ்லைடை இழுத்தால் அசையவில்லை என்றால் பெரும்பாலும் லீவர்தான்.

குங்குமச் சோதனை

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. மேகசினை எடுத்துவிட்டு, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாப் பெட்டியை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, லீவரின் அடிப்பக்கத்தில் ஏதாவது நிறம் பூசுங்கள். பலர் மார்க்கர் பேனா பயன்படுத்துவார்கள். நான் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவுவேன். கழுவினால் போய்விடும், கையில் பளிச்சென்று தெரியும். இருபுறமும் லீவர் இருந்தால் இரண்டுக்கும் பூச வேண்டும். பிறகு பத்து முறை உறையிலிருந்து உருவிப் பிடியுங்கள், பத்து முறை வெற்று மேகசினை மாற்றிப் பிடியுங்கள், கடைசியில் இடக்கையால் மட்டும் சில முறை. ஒவ்வொரு வகைக்கும் பிறகு கையைப் பார்த்துத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால் எந்தச் செயலில் கறை பட்டது என்று தெரியாமல் போகும்.

கறை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். சுடும் கையின் பெருவிரல் கணுவில் இருந்தால் விரல் லீவருக்கு அடியில் கிடக்கிறது என்று பொருள். தாங்கும் கையின் பெருவிரல் அடிச்சதையில் இருந்தால் அந்தக் கை உதைப்பில் மேலே உருள்கிறது. வலப்பக்க லீவரின் நிறம் வலக்கை ஆள்காட்டி விரலின் அடிமுட்டியில் இருந்தால் குற்றவாளி அந்த இரண்டாவது லீவர். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கும் வசதி இருப்பவர்கள், உண்மையாகச் சுடும்போது இடப்பக்கத்திலிருந்து ஒருவரை எடுக்கச் சொல்லலாம். அதில் தெரிவது குங்குமத்தில் தெரிவதைவிடச் சில நேரம் வெட்கக்கேடாக இருக்கும். நம் கை செய்வதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, அது செய்வது வேறு.

காசில்லாத மருந்து: விரலை மேலே வைப்பது

1911 சுடுபவர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. உருவும்போது பெருவிரலால் லீவரைக் கீழே தள்ளிய பிறகு விரலை எடுப்பதில்லை. அதே லீவரின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு சுடுவார்கள். விரல் மேலே இருக்கும்வரை லீவர் ஏற வழியில்லை. செலவு இல்லை, விதிச் சிக்கல் இல்லை. நடைமுறையில் இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் இதற்கும் இரண்டு குறைகள். 1911இன் பின்புறத்தில் பிடிச் சேஃப்டி என்று இன்னொன்று இருக்கிறது. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் விசை இயங்கும். பெருவிரலை உயர்த்தி வைக்கும்போது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை சற்றே மேலேறி, உள்ளங்கையில் குழி விழும். மெலிந்த கைக்காரர்களுக்கு அந்தக் குழியில் பிடிச் சேஃப்டி அழுந்தாமல் போகும். ஒரு தடையைத் தாண்டி இன்னொன்றில் மாட்டிய கதை. அதற்காகத்தான் பிடிச் சேஃப்டியின் அடியில் சிறு மேடு வைத்த வடிவங்கள் வந்தன. உங்கள் துப்பாக்கியில் அந்த மேடு இல்லை என்றால், விரலை மேலே வைக்கும் பழக்கத்துக்கு மாறும்போது இதையும் சேர்த்துச் சோதியுங்கள்.

இரண்டாவது, விரல் சறுக்கி ஸ்லைடின் பக்கவாட்டை உரசுவது. உரசினால் ஸ்லைடின் வேகம் குறைந்து தோட்டா சிக்கக்கூடும். விரலை உள்நோக்கி அமுக்காமல் கீழ்நோக்கி மட்டும் அமுக்கப் பழக வேண்டும்.

விரலை லீவருக்கு அடியில், இரு பெருவிரல்களையும் முன்னோக்கி நீட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். சேஃப்டி லீவரே இல்லாத க்ளாக் போன்ற பிஸ்டல்களில் பழகி வந்தவர்களிடம் இந்தப் பிடி அதிகம். கை பெரிதாகவும் லீவர் ஒல்லியாகவும் இருந்தால் இதுவும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மேலேயும் இல்லாமல், நன்றாகக் கீழேயும் இல்லாமல், லீவரின் அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டு நடுவில் நிற்கும் விரல்தான் எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

பிடித்தகடும் வியர்வையும்

தாங்கும் கையில் கறை பட்டவர்கள் லீவர் பக்கமே போக வேண்டாம். அந்தக் கை சறுக்குகிறது, அவ்வளவுதான். பிடியின் இரு பக்கத் தகடுகளை மாற்றினால் பெருவிரல் நிற்கும் உயரமும் கோணமும் மாறும். தடித்த தகடு கையைச் சற்றே வெளியே தள்ளி லீவரிலிருந்து விலக்கும், மெல்லிய தகடு நெருக்கும். சொரசொரப்பான தகடோ, மணல்தாள் போன்ற பிடி நாடாவோ, விளையாட்டு வீரர்கள் கையில் பூசும் சாக்பொடியோ போதுமானதாக இருக்கும். புழுக்கமான ஊர்களில் சுடுபவர்களுக்கு இந்தக் கடைசி ஒன்றிலேயே பாதி நோய் தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். லீவர் வாங்கக் கணினி முன்னால் உட்கார்ந்தவர்களில் பலருக்குக் கையைத் துடைத்துக்கொண்டாலே போதுமாக இருந்திருக்கும்.

அகல லீவரா, ஒல்லி லீவரா?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். கடைகளில் இரண்டு வகையும் கிடைக்கும். இரண்டையும் ‘தவறுதலாகச் சேஃப்டி ஏறுவதைத் தடுக்கும்’ என்றே விற்பார்கள். ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பொருள் ஒரே நோய்க்கு எப்படி மருந்தாகும்?

அகல லீவர் என்பது பெருவிரலுக்கு ஒரு திண்ணை. விரலை மேலே வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது வசதியான ஆசனம். உதைப்பிலும் விரல் நழுவாது, உருவும்போது தேடாமலே அகப்படும். அதே திண்ணைக்கு ஓர் அடிப்பக்கம் இருக்கிறதே! விரல் கீழே போய்விட்டால் முட்டுவதற்கு அவ்வளவு பெரிய பரப்பு. அதாவது, மேலே வைப்பவருக்கு அகல லீவர் காவல், கீழே வைப்பவருக்கு அதுவே கண்ணி. ஒல்லி லீவர் தலைகீழ். கீழே வைப்பவர் விரலில் அது படவே படாது. மேலே வைப்பவருக்குக் கத்தி முனையில் கட்டைவிரலை ஊன்றியதுபோல இருக்கும், ஒரு நாள் பயிற்சியிலேயே தோல் உரியும்.

பிரிவும் சேர்ந்து முடிவு செய்யும். ஸ்டாண்டர்ட், கிளாசிக் பிரிவுகளில் ஒற்றை இயக்கத் துப்பாக்கியை, அதாவது சுத்தியை முன்பே ஏற்றினால்தான் சுடும் வகையை, சுத்தி ஏற்றி, சேஃப்டி போட்டுத்தான் உறையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை உருவும்போதும் லீவரைக் கீழே தள்ளியாக வேண்டும். அங்கே மிக ஒல்லியான லீவரை மாட்டினால், ஏறாமல் காப்பாற்றிக்கொண்டு இறங்காமல் மாட்டிக்கொள்வோம். அவசரத்தில் விரல் வழுக்கி, சேஃப்டி போட்டபடியே விசையை இழுப்பது இன்னும் கேவலம். எனவே ஒற்றை இயக்கத்துக்கு, சுடும் கைப் பக்கத்தில் நடுத்தர அல்லது அகல லீவர், விரல் மேலே. புரொடக்ஷனில் லீவருக்கு வேலையே இல்லை என்பதால் தயாரிப்பாளர் தரும் மிக ஒல்லியான லீவர்.

‘தயாரிப்பாளர் தரும்’ என்ற சொல்லில் அழுத்தம் வேண்டும். புரொடக்ஷன் பிரிவு வெளிப்புற மாற்றங்களில் கறாரானது. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடலுக்கு, அதன் தயாரிப்பாளர் அளிக்கும் பாகம் என்றால் சரி. வேறொருவர் செய்த லீவர், அரத்தால் தேய்த்துக் குறைத்த லீவர் என்றால் பரிசோதனை மேசையில் கேள்வி எழும். பிரிவுக்குப் பொருந்தாத துப்பாக்கி என்று முடிவானால் ஓப்பன் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே ரெட் டாட் என்ற ஒளிப்புள்ளிக் குறிநோக்கியும் உதைப்பைத் தணிக்கும் கருவியும் பூட்டிய பந்தயக் குதிரைகளோடு நம் சாதாரணத் துப்பாக்கி ஓட வேண்டும். விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படுவதால், வாங்குவதற்கு முன் நடப்புப் பதிப்பைப் பார்த்துவிட்டு, உங்கள் ரேஞ்ச் ஆபீசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வலப்பக்க லீவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலக்கைக்காரருக்கு அது ஆள்காட்டி விரலின் அடிமுட்டியில் உரசும் வேண்டாத விருந்தாளி. 1911இன் ஆதி வடிவத்தில் இடப்பக்கம் மட்டும்தான் லீவர் இருந்தது. வலப்பக்கத்தை எடுத்துவிடுவதோ ஒல்லியாக்குவதோ பெரும்பாலும் நல்ல முடிவு. இடக்கைக்காரருக்கு மட்டும் இது பொருந்தாது, அவருக்கு அதுதான் உயிர்நாடி. இன்னொன்று, இடக்கையால் மட்டும் சுட வேண்டிய சுற்றுகளில் வலக்கைக்காரரின் அகலமான இடப்பக்க லீவர் அவருடைய இடது ஆள்காட்டி விரல் முட்டியின்மேல் வந்து உட்காரும். இரு கையால் சுடும்போது ஒருநாளும் தொல்லை தராத லீவர் அங்கே ஏறும். குங்குமச் சோதனையில் இடக்கையையும் சேர்க்கச் சொன்னது இதனால்தான்.

பொருத்துவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1911 லீவரின் உட்புறத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. பூட்டிய நிலையில் அது ‘சியர்’ என்ற பாகத்தை அசையவிடாமல் தடுக்கும். சியர்தான் சுத்தியைப் பிடித்து வைத்திருப்பது. புதிய லீவரில் அந்தப் புடைப்பு கொஞ்சம் கூடுதலாகவே வரும். துப்பாக்கிக்கு ஏற்ப அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு தேய்ப்பு அதிகமானால் லீவர் அழகாக ஏறி இறங்கும், ஆனால் எதையும் தடுக்காது. பார்வைக்குப் பூட்டு, உள்ளே திறந்த கதவு. இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். துப்பாக்கி வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், கொடுத்து வாங்கியதும் அவர் முன்னிலையிலேயே சோதித்துப் பாருங்கள்.

‘டிக்’ கேட்கிறதா?

லீவரை மேலும் கீழும் நகர்த்தினால் ஒவ்வொரு முனையிலும் தெளிவாக ஒரு ‘டிக்’ கேட்க வேண்டும். 1911இல் சட்டகத்தின் இடப்பக்கத்தில், பிடித்தகட்டுக்கு மேலே, ஒரு சிறு குழாய் ஒட்டியிருக்கும். அதற்குள் ஒரு ஸ்பிரிங், இரு முனையிலும் சின்னஞ்சிறு ஊசிகள். பின்முனை ஊசி சேஃப்டி லீவரை அழுத்தும், முன்முனை ஊசி ஸ்லைடு நிறுத்தியை அழுத்தும். ஸ்பிரிங் வெளியே துள்ளி ஓடாதபடி நடுவில் வேண்டுமென்றே சற்று வளைத்திருப்பார்கள். அந்த வளைவைக் கோளாறு என்று நினைத்து நிமிர்த்தி, பிறகு மேசைக்கு அடியில் அரை மணி நேரம் தேடியவர்களை எனக்குத் தெரியும். (ஒருவரை மிக நன்றாகவே தெரியும்.)

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிது போடுவது மலிவான வேலை. லீவரில் ஊசி உட்காரும் குழியைக் கொஞ்சம் ஆழமாக்கினாலும் பிடிப்புக் கூடும், ஆனால் அது மெக்கானிக் வேலை. குழாயே ஆடுகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. குழாய் சட்டகத்தைவிட்டு விலகினால் லீவர் சிக்கி, கீழே இறங்க மறுக்கும் நிலைகூட வரலாம்.

ஆனாலும் இதை நான் மருந்து என்று சொல்லமாட்டேன், பழுதுபார்ப்பு என்பேன். நல்ல நிலையில் உள்ள ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இன்னும் கடினமான ஒன்றைப் போட்டு, விரலின் தவறை இரும்பால் அடக்கப் பார்ப்பது சரிவராது. ஏறுவதைக் கடினமாக்கும் அதே ஸ்பிரிங் இறக்குவதையும் கடினமாக்கும். உருவும்போது லீவர் சண்டை போட்டால், போன வாசல் வழியாகவே தொல்லை திரும்பி வரும்.

மிச்சமுள்ளவை

சட்டகத்தில் திருகும் பெருவிரல் தாங்கி ஒன்று இருக்கிறது. தாங்கும் கையின் விரலை அதில் ஊன்றினால் அந்தக் கை மேலே உருளாது, உதைப்பும் அடங்கும். ஓப்பனில் தாராளமாகப் போடலாம். புரொடக்ஷனில் கூடாது. லீவர் பிரச்சினைக்காக மட்டும் அதை வாங்குவது கொசுவுக்குப் பீரங்கி.

லீவரே இல்லாத துப்பாக்கிக்கு மாறிவிடலாமா என்றும் கேட்கிறார்கள். க்ளாக் 34 போன்றவற்றில் பெருவிரலால் இயக்கும் வெளிச் சேஃப்டி கிடையாது, ஏறுவதற்கும் ஒன்றுமில்லை. ஏற்கெனவே மாற நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இது கூடுதல் காரணம். ஷேடோ 2இன் ஒரு கிலோவைத் தாண்டும் இரும்புக் கனத்துக்கும் அதன் விசைக்கும் கை பழகியவர், ஒரு லீவருக்காக அதைக் கைவிட்டால் ஆறு மாதம் வருந்துவார்.

கடைசியாக, லீவரை அசையாதபடி கட்டிவிடுவது, உள்ளே உள்ள பாகத்தை எடுத்துவிடுவது. இதை ஒப்பீட்டில் சேர்க்கவே எனக்கு விருப்பமில்லை. ஆனால் யாராவது காதில் ஓதுவார்கள் என்பதால் சொல்கிறேன். வேண்டாம். ஒற்றை இயக்கப் பிஸ்டலைத் தோட்டாவோடு, சேஃப்டி போடாமல் உறையில் வைத்தால் அந்தப் போட்டியிலிருந்தே தகுதிநீக்கம். இரட்டை இயக்கத்திலும் சுத்தி ஏறிய நிலையில் சேஃப்டி இல்லாமல் உறையில் வைத்தால் அதே தண்டனைதான். விதி இருக்கட்டும், உறையில் இருப்பது உங்கள் தொடையை ஒட்டி இருக்கிறது.

நம் மூத்தவருக்கு என்ன சொன்னேன்?

அவர் கையைப் பார்த்தவுடன் எனக்கே குழப்பம். உருவும் பத்து முறையிலும் கறை இல்லை. பெருவிரல் லீவரின் மேலே ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. “பார்த்தீர்களா, என் பிடியில் ஒன்றுமில்லை. லீவர்தான் சரியில்லை” என்றார். வாங்குவதற்கு ஒரு பக்கத்தைப் போனில் திறந்தும் வைத்திருந்தார்.

“அண்ணா, மேகசின் மாற்றும் பத்து முறை இன்னும் பாக்கி” என்றேன்.

மூன்றாவது முறையிலேயே பெருவிரல் கணுவில் சிவப்பாகக் கோடு விழுந்தது. வலக்கைக்காரர் மேகசினை விடுவிக்கும் பொத்தானை அழுத்துவது அதே வலப் பெருவிரலால்தான். அதற்காக விரல் லீவரைவிட்டு இறங்குகிறது. பழைய மேகசின் விழுகிறது, புதியது ஏறுகிறது, இடக்கை திரும்பி வந்து பிடித்துக்கொள்கிறது. வலப் பெருவிரல் மட்டும், இறங்கிய இடத்திலிருந்து நேராக மேலே வந்து லீவரின் அடியில் நின்றுவிடுகிறது. எல் பிரசிடெண்டேயில் முதல் ஆறும் பிழையில்லாமல் போனதும், மாற்றிய பிறகு ஏழாவதின் உதைப்பில் லீவர் ஏறியதும், எட்டாவது நின்றதும் அப்போதுதான் வரிசையாக விளங்கின.

அவருக்கு அகல லீவர் உதவியிருக்காது. விரல் கீழே இருக்கையில் அது முட்டும் பரப்பைத்தான் கூட்டியிருக்கும். ஒல்லி லீவர் மாற்றிய பிறகு வரும் தொல்லையைக் குறைத்து, உருவும்போது வரும் தொல்லையைக் கூட்டியிருக்கும். ‘டிக்’ நன்றாகவே கேட்டது, ஸ்பிரிங்கில் குறையில்லை. எனவே லீவரைத் தொடவேண்டாம், மேகசின் மாற்றத்தின் கடைசி அசைவாக விரலை லீவரின் மேலே கொண்டுவந்து வைக்கும் பழக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தினமும் இரவில் பத்து நிமிடம், வெற்று மேகசின்கள், தோட்டா வேறு அறையில். வேகம் வேண்டாம், விரல் போய் உட்காரும் இடம்தான் வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகும் கறை பட்டால் அப்போது லீவரைப் பற்றிப் பேசலாம் என்று முடித்தேன்.

முகம் கொஞ்சம் வாடியது. பாகம் வாங்கும் சந்தோஷமே தனி, அதை நானும் அறிவேன். போனை மூடிப் பையில் போட்டார்.

போன ஞாயிறு வந்தபோது கையில் சிறு டப்பா ஒன்றோடு வந்தார், குங்குமம். பாதுகாப்பு மேசைக்குப் போய், தோட்டா இல்லாத பிஸ்டலின் லீவருக்கு அடியில் தானே பூசிக்கொண்டார். அன்று எல் பிரசிடெண்டேயை மூன்று முறை சுட்டார். ஒவ்வொன்றையும் முடித்ததும், இலக்கைப் பார்க்கும் முன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். முதல் இரண்டிலும் கணு சுத்தமாக இருந்தது. மூன்றாவதில், டைமரோடு போட்டி போட்டு ஐந்தே முக்கால் நொடியில் முடித்தபோது, லேசாக ஒரு சிவப்புப் புள்ளி. லீவர் ஏறவில்லை. அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, மேகசின்களை மறுபடியும் நிரப்பத் தொடங்கினார்.